டிர்க் நோவிட்ஸ்கியின் முட்டி

கூடைப்பந்தில் ஒற்றைக்கால் ஃபேட்அவே (ஒரு காலில் எழும்பி, பின்னால் சாய்ந்தபடி போடும் ஷாட்) என்றாலே எல்லாரும் அமெரிக்க என்பிஏ லீக்கில் டல்லாஸுக்கு ஆடிய டிர்க் நோவிட்ஸ்கியின் வலது முட்டியைத்தான் பேசுகிறார்கள். டல்லாஸ் அரங்கத்துக்கு வெளியே நிற்கும் சிலைக்கும் அதே போஸ்தான். என்னைக் கேட்டால், அந்த ஷாட்டில் முட்டிக்குப் பாதி வேலைகூடக் கிடையாது.

தடுப்பவருக்கு முதுகைக் காட்டி நிற்பார். தோளால் ஒரு போக்குக் காட்டுவார். இடது பாதத்தை ஊன்றி, வலது முட்டியைத் தூக்கி, பின்னால் சாய்ந்தபடியே எழும்புவார். எதிராளி ஒட்டிவராமல் இருக்கத்தான் முட்டி. மற்றபடி 213 செ.மீ. ஆள் தலைக்கு மேலிருந்து பந்தை விட்டால் யார் கை எட்டும்?

பழகுகிற பையன்கள் சறுக்குவது வேறு இடத்தில். முதுகை வில்லாக வளைத்தால் பந்து வளையத்துக்கு முன்பே இறங்கிவிடும். முட்டியை எதிராளிமேல் இடித்தால் ஃபவுல். மார்பு உயரத்தில் விட்டால் பிளாக். டிர்க் எவ்வளவு சாய்ந்தாலும் தோள் இரண்டும் வளையத்தைப் பார்த்தே இருக்கும். மணிக்கட்டு ஃப்ரீ த்ரோவில் (ஃபவுலுக்காகக் கிடைக்கும், தடுப்பார் இல்லாத ஷாட்) செய்வதையே இங்கேயும் செய்யும். சொந்த ஊரான ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க்கில் பயிற்சியாளர் ஹோல்கர் கெஷ்விண்ட்னர் ஊட்டி வளர்த்த கை அது. வாழ்நாள் ஃப்ரீ த்ரோ 87.9%. 2011இல் என்பிஏவின் மேற்குப் பிரிவு இறுதியின் முதல் ஆட்டத்தில் ஓக்லஹோமாவுக்கு எதிராக 24க்கு 24, மொத்தம் 48 புள்ளி. அந்தக் கையை விட்டுவிட்டு முட்டியைக் காப்பியடித்து என்ன பயன்?

அந்தக் கையையும் ஒருமுறை கட்டிப்போட்டார்கள். 2007இல் டல்லாஸ் 67 வெற்றி, டிர்க் எம்விபி (சீசனின் மிகச் சிறந்த வீரர்). ஆனால் கோப்பைக்கான முதல் சுற்றிலேயே, மேற்குப் பிரிவில் எட்டாம் இடத்து கோல்டன் ஸ்டேட்டிடம் 4-2 தோல்வி. எதிரணிப் பயிற்சியாளர் டான் நெல்சன், 1998இல் இவரை டல்லாஸுக்குக் கொண்டுவந்த அதே ஆள். பலவீனம் தெரியாமலா இருக்கும்? உயரம் குறைந்த, துறுதுறுவென்ற ஆட்களை ஒட்டவிட்டார். பந்து வந்ததும் இரண்டாவது ஆளையும் ஏவினார். கடைசி ஆட்டத்தில் டிர்க் 13 ஷாட்டில் 2தான் போட்டார்.

அதன் பிறகு ஃப்ரீ த்ரோ கோட்டின் நடுவுக்கு மாறினார். ஓரத்தில் நின்றால் இரண்டாவது ஆள் கண்ணுக்குத் தப்பி வருவான். நடுவில் எங்கிருந்து வந்தாலும் தெரியும், இரு பக்கமும் பாஸ் போகும். டல்லாஸ் வென்ற 2011 என்பிஏ கோப்பைக்கு அடித்தளம் இந்த இடமாற்றம்தான் என்பேன்.

மியாமியுடனான அந்த இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில் இடது நடுவிரல் தசைநார் கிழிந்தது. இரண்டாவது ஆட்டம், 93-93, சில விநாடிகளே பாக்கி. முட்டியும் இல்லை, சாய்வும் இல்லை. நேரே உள்ளே புகுந்து, அதே இடது கையால் வளையத்துக்கு அருகிலிருந்து லேஅப் போட்டு ஜெயித்தார்.