அஷ்டமி நவமியில் முகாம் வையுங்கள்

கர்ப்பவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு எங்கள் பக்கத்துப் பெண்கள் ஏன் வருவதில்லை என்று கேட்டால் வெட்கம், பயம், விழிப்புணர்வின்மை என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு வேறொன்று தோன்றுகிறது. முகாம் தேதியைக் குறிப்பவர்கள் யாரும் கடலைப் பார்த்துக் குறிப்பதில்லை.

பாம்பன், மண்டபம், பெரியபட்டினம், ஏர்வாடி என்று இந்தக் கரை நெடுக பாசி எடுக்கப் போகும் பெண்கள் இருக்கிறார்கள். அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள் என்று மாதத்தில் ஏறக்குறைய 12 நாள்தான் அவர்களுக்குத் தொழில். நீர் நன்றாக வற்றினால்தான் தீவுகளைச் சுற்றிய பாறைகளில் பாசி கைக்கு எட்டும். அந்த வருமானத்தில்தான் மீதி நாளும் ஓட வேண்டும். ஆனால் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் போன முறை முகாம் நடந்தது பௌர்ணமிக்கு மறுநாள்!

அன்று மாலை கரையேறிய ஒரு அக்காவிடம் கேட்டேன். புடவைக்கு மேல் டிசர்ட், நெற்றிக்கு ஏற்றிவிட்ட நீச்சல் கண்ணாடி. விரல்களில் சுற்றியிருந்த துணியைப் பல்லால் கடித்து அவிழ்த்துக்கொண்டிருந்தார். உள்ளே தோல் வெளுத்துச் சுருங்கி, பாறை கிழித்த கோடுகள் தெரிந்தன. “நல்லா நீர் வத்துற அன்னைக்கு வெச்சா எவ வருவா, டீச்சர்? அஷ்டமி நவமியில வெச்சா நாங்களே கூட்டமா வந்துருவோமே” என்றார். அஷ்டமி நவமியில் நல்ல காரியம் ஆகாது என்பார்கள். பரவாயில்லை, இதை மட்டும் செய்வோம்.

அந்தப் பரிசோதனை என்னவோ பெரிய விஷயம் என்று நினைக்க வேண்டாம். கர்ப்பப்பையின் வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பார்கள். மாற்றம் உள்ள இடம் வெள்ளையாகத் தெரியும். தெரிந்தால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை, அடுத்த கட்டச் சோதனை வேண்டும் என்றுதான் அர்த்தம். முன்கட்ட மாற்றம்தான் என்று உறுதியானால் பெரும்பாலும் அந்தத் திசுவை மட்டும் உறையவைத்தோ சுட்டோ எடுத்துவிடலாம், கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதில்லை. எங்கோ வெளிநாட்டுச் சங்கதியும் இல்லை இது. நம் திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் அம்பிளிக்கையை மையமாக வைத்து நடந்த பெரிய ஆய்வு. பயிற்சி பெற்ற நர்சுகள் 30 முதல் 59 வயதுப் பெண்களை ஒரே ஒரு தடவை இப்படிப் பார்த்ததிலேயே நோய் வருவது 25 சதவீதமும் சாவு 35 சதவீதமும் குறைந்தது என்று 2007-ல் முடிவு வெளியானது. அப்படியிருந்தும் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் இந்தப் பரிசோதனையை எப்போதாவது செய்துகொண்டவர்கள் 9.8 சதவீதம்தான். இந்தியா முழுக்க 1.9 என்பதால் நாம் மேல் என்று மார்தட்டிக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

வராமல் விட்டால் என்ன ஆகிறது? தீட்டு நின்ற பிறகு ரத்தம் பட்டாலும், நாற்றத்தோடு வெள்ளைப்பட்டாலும், “சூடு”, “கடல் தண்ணியில நிக்கிறதால” என்று நாளைத் தள்ளுகிறோம். முற்றிய பிறகு கதிர்வீச்சு என்றால் மதுரை. ராமேஸ்வரத்திலிருந்து 170 கிலோமீட்டர் போல வரும். வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஐந்து வாரமாவது வெளிக்கதிர்வீச்சு, அப்புறம் உள்ளே வைக்கும் கதிர்வீச்சு. செலவை முதலமைச்சர் காப்பீடு ஏற்றுக்கொண்டாலும், அங்கே தங்குவது யார், இங்கே பிள்ளைகளைப் பார்ப்பது யார்? சிலர் பாதியிலேயே திரும்பிவிடுகிறார்கள். 2022 மதிப்பீட்டின்படி இந்தியாவில் அந்த ஒரு வருடத்தில் புதிதாக வந்தது சுமார் 1 லட்சத்து 27 ஆயிரம் பேருக்கு. செத்தது ஏறக்குறைய 80 ஆயிரம் பேர். இத்தனைக்கும் கிருமி தொற்றிப் புற்றாக மாறப் பெரும்பாலும் 15, 20 வருடம் பிடிக்கும் நோய் இது. அவ்வளவு அவகாசம் தருகிற புற்றுநோய் வேறு எத்தனை இருக்கிறது?

கிருமி என்றதும் ஊரில் குசுகுசுப்பு ஆரம்பிக்கும். உடலுறவில் தொற்றும் கிருமிதான், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் ஹெச்பிவி என்ற இந்தக் கிருமி வராத ஆள் அபூர்வம். பெரும்பாலானவர்களுக்கு ஓரிரண்டு வருடத்தில் தானாகப் போய்விடும், போகாமல் தங்கிவிடும் சிலருக்குத்தான் வில்லங்கம். ஒருத்திக்கு வந்தால் அவள் நடத்தையை எடைபோடுகிறவர்கள், கல்யாணத்துக்குப் பிறகு புருஷனைத் தவிர யாரையும் அறியாதவளுக்கும் அது வருகிறது என்பதை யோசித்துப் பார்க்கட்டும். ஆண்களுக்கு வழக்கமான பரிசோதனையும் கிடையாது. ஆகவே அண்ணன்மாரே, மீன்பிடித் தடைக்காலத்தில் சும்மா இருக்கிற 61 நாளில் ஒரு நாள் மதினியை வண்டியில் கூட்டிக்கொண்டு போங்கள்.

இந்தக் கிருமிக்கான தடுப்பூசி பற்றி வாட்ஸ்அப்பில் பயமுறுத்துகிறார்கள். 2009-10-ல் அன்றைய ஆந்திராவின் கம்மத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் நடந்த தடுப்பூசித் திட்டத்தில் சில சிறுமிகள் இறந்தது உண்மை. பாம்புக்கடி, நீரில் மூழ்கியது, பூச்சிமருந்து போன்றவையே காரணங்கள், ஊசியோடு தொடர்பு தெரியவில்லை என்று விசாரணை சொன்னது. ஆனால் பெற்றோரைக் கேட்காமல் விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்துப் போட்டதும் அதே அளவுக்கு உண்மை. அந்தத் தப்பை மூடி மறைத்தால் வதந்திக்குத்தான் தீனி. அந்தப் பரபரப்பில், அதோடு சம்பந்தமில்லாத வேறொரு ஹெச்பிவி தடுப்பூசி ஆய்வையும் அரசு நிறுத்தியது. அதில் பல பெண்பிள்ளைகள் ஒரே டோஸோடு நின்றுபோனார்கள். பத்து வருடம் தொடர்ந்து பார்த்தால், அந்த ஒரு டோஸே ஹெச்பிவியின் 16, 18 என்ற வகைகள் உடம்பில் தங்கிவிடாமல் காத்தது தெரிந்தது. பத்துக்கு ஏழு கர்ப்பவாய்ப் புற்றுநோய்க்கு இந்த இரண்டும்தான் காரணம். இந்தியப் பிள்ளைகளிடமிருந்து கிடைத்த இந்த அறிவும் சேர்ந்துதான் 2022-ல் உலக சுகாதார நிறுவனம் ஒரு டோஸ் போதும் என்ற வழியைத் திறந்தது. தமிழ்நாடு அரசும் 14 வயதுப் பெண்பிள்ளைகளுக்கு இந்த ஊசியை 2025 பட்ஜெட்டில் அறிவித்தது. பள்ளியில் கையெழுத்துக் கேட்டால் தாய்மார்கள் தயங்காமல் கேள்வி கேளுங்கள், பதில் வாங்கிக்கொண்டு போடுங்கள்.

ஊசி போட்டவளும் 30 வயதில் பரிசோதனைக்கு வர வேண்டும், எல்லா வகையையும் அது தடுக்காது. தீட்டு நின்று பல வருடம் ஆன ஆச்சிகளுக்கு இந்த அசிட்டிக் அமிலச் சோதனை சரிப்படாது. பார்க்க வேண்டிய இடம் உள்ளே போய்விடும் என்பதால் அவர்களுக்கு ஹெச்பிவி சோதனையோ, கர்ப்பவாயிலிருந்து செல்களைத் தடவி எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியரோ கேளுங்கள்.

சுகாதார நிலையத்தில் தேதி குறிக்கும் கை யாருடையதோ, அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சுவரில் தொங்குகிற காலண்டரில் திதியும் போட்டிருக்கிறது. தேதி முடிவானால் கோயில் மைக், சர்ச் மைக், ஜமாஅத் மூன்றிலும் நாங்களே சொல்ல வைக்கிறோம். பார்ப்பவர் பெண்ணாக இருக்கட்டும், மறைப்புக்கு ஒரு திரையும் இருக்கட்டும்.