கம்பளி போர்த்திய லெப்டொப்

(இலங்கை மலையகத்தின் ஹட்டன் நகரில், பஸ் நிலையத்திலிருந்து மேலே ஏறும் சந்தொன்றில் உள்ள சிறிய கணினித் திருத்துமிடம். தென்மேற்குப் பருவமழை கூரைத் தகரத்தில் இறங்கிக்கொண்டிருக்கிறது. தேயிலைத் தோட்டமொன்றில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர், கம்பளியில் சுற்றிய பொதி ஒன்றை நெஞ்சோடு அணைத்தபடி உள்ளே நுழைகிறார்.)

கடைத்தம்பி: வாருங்கள் ஐயா, வாருங்கள். பிள்ளைக்குச் சாரல் படாமல் இந்தப் பக்கமாக வந்து உட்காருங்கள்.

கிளாக்கரையா: இது பிள்ளை இல்லை தம்பி, லெப்டொப். குளிர் தாங்காது என்று கம்பளி போர்த்தியிருக்கிறேன். முறைப்பாட்டை எழுத்திலேயே கொண்டுவந்திருக்கிறேன், வாசிக்கிறேன், கேள்.

கடைத்தம்பி: வாயால் சொன்னாலே போதும் ஐயா.

கிளாக்கரையா: வாயால் சொன்னதை நாளைக்கு இல்லையென்று சொல்லிவிடலாம். (கண்ணாடியை மாட்டிக்கொண்டு) “2014 ஆம் ஆண்டு என் மகன் கொழும்பில் வாங்கி அனுப்பியதும், அன்று தொட்டு என்னைத் தவிர வேறெவர் கையும் படாததுமான மேற்படி இயந்திரத்தின் திரையானது, கடந்த சித்திரை மாதத்திலிருந்து எவ்வித முன்னறிவித்தலுமின்றி விட்டு விட்டுத் துடித்து வருவதோடு, இயந்திரமும் தன் கடமையில் பெருந்தாமதம் காட்டி வருகிறது என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.”

கடைத்தம்பி: ஐயா, இதைக் கேட்டால் திருத்தக் கொண்டுவந்தது போலத் தெரியவில்லை, வேலைநீக்கம் செய்யக் கொண்டுவந்தது போல இருக்கிறது.

கிளாக்கரையா: விசாரணை நடத்தாமல் யாரையும் வேலைநீக்கம் செய்ய முடியாது. அதற்காகத்தான் உன்னிடம் வந்தேன். முன்பு வேறோர் இடத்தில் காட்டினேன். இயந்திரத்தைத் தொடாமலேயே, இரண்டடி தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, திரையை முழுதாக மாற்ற வேண்டும் என்று சொல்லி விலையையும் சொல்லிவிட்டார்கள்.

(திரை துடித்தால் திரையை மாற்றச் சொல்வது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம். பிழை எங்கே என்று கண்டுபிடிக்கச் சில நிமிடங்கள் போதும்; ஆனால் அந்தச் சில நிமிடங்களுக்குப் பற்றுச்சீட்டு எழுத முடிவதில்லை, திரைக்கு எழுத முடிகிறது.)

கடைத்தம்பி: தாமதம் என்று எழுதியிருக்கிறீர்களே, அது எவ்வளவு தாமதம்?

கிளாக்கரையா: பொத்தானை அழுத்திவிட்டு அடுப்பில் தண்ணீர் வைப்பேன். தேயிலை போட்டு, வடித்து, ஆற அமரக் குடித்து, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து பார்த்தால், ‘நல்வரவு’ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். மரியாதைக்கு நானும் ஒரு வணக்கம் சொல்லிவிட்டு இரண்டாவது கோப்பைக்குப் போய்விடுவேன்.

கடைத்தம்பி: சரி, முதலில் திரையைப் பார்ப்போம். திரையும் தாமதமும் ஒரே நோயாக இருக்க வேண்டிய அவசியமில்லை. (பொத்தானை அழுத்துகிறான்.) பார்த்தீர்களா, தயாரித்த கம்பனியின் சின்னம் வரும்போதே துடிக்கிறது. விண்டோஸ் இன்னும் கண்விழிக்கவே இல்லை. விண்டோஸ் எழும்பிய பிறகு மட்டும் துடித்தால் மென்பொருளின் மேல் சந்தேகப்படலாம். இது அதற்கு முன்பே துடிப்பதால் பிழை பெரும்பாலும் உடம்பில்தான் இருக்கிறது.

கிளாக்கரையா: அப்படியானால் இணையத்தில் ஒரு விளம்பரத்தைப் பார்த்து, திரையைச் சரியாக்கும் என்று நான் இறக்கி வைத்த நிரல்?

கடைத்தம்பி: அது திரையைச் சரியாக்கவில்லை, உங்கள் தாமதத்தில் தன் பங்கைச் சேர்த்திருக்கும்.

கிளாக்கரையா: நான் பனியைத்தான் சந்தேகித்தேன். பின்னேரம் நான்கு மணிக்கு ஜன்னல் வழியாக மேகமே வீட்டுக்குள் வந்துவிடுகிறது. அடுத்ததாகத் தோட்டத்துக் கரண்டைச் சந்தேகித்தேன். மூன்றாவதாகக் கண்ணூறு. எலுமிச்சம்பழமும் கட்டினேன்.

கடைத்தம்பி: எங்கே கட்டினீர்கள்?

கிளாக்கரையா: திரையின் மேல் மூலையில். பழம் கனமாக இருந்ததால் திரை பின்னால் சாய்ந்தது. சாய்ந்ததும் துடிப்பு நின்றது. பலித்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

கடைத்தம்பி: (நிமிர்ந்து உட்கார்ந்து) சாய்ந்ததும் நின்றதா? ஐயா, விசாரணையில் இதுதான் முக்கியமான சாட்சியம். இதை விட்டுவிட்டு முன்னறிவித்தல் இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே! சற்றுப் பொறுங்கள். முதலில் சார்ஜரைக் கழற்றிவிடுகிறேன். பெற்றரியில் ஓடும்போதும் துடிக்கிறது. எனவே கரண்ட் குற்றமற்றது. இப்போது என்னுடைய பெரிய திரையை இதனோடு இணைக்கிறேன். பாருங்கள், அங்கே படம் அசையாமல் நிற்கிறது, இங்கே துடிக்கிறது.

கிளாக்கரையா: ஒரே செய்தி இரண்டு இடத்துக்குப் போகிறது, ஓரிடத்தில் சரியாக வாசிக்கிறார்கள், மற்ற இடத்தில் தடுமாறுகிறார்கள். அனுப்பியவர் மேல் குற்றமில்லை.

கடைத்தம்பி: அதேதான். படத்தை உருவாக்கும் பகுதி நன்றாக இருக்கிறது. மீதியிருப்பது திரையும், திரைக்குப் படத்தைக் கொண்டுபோகும் கேபிளும். இப்போது மூடியை மெதுவாக அசைக்கிறேன். இந்தக் கோணத்தில் துடிக்கிறது. இன்னும் கொஞ்சம் சாய்த்தால் நிற்கிறது. திரும்ப நிமிர்த்தினால் துடிக்கிறது. திரை கெட்டிருந்தால் கோணம் பார்த்துக் கெடாது. கேபிள் இந்தக் கீல் வழியாகத்தான் மேலே ஏறுகிறது. பத்து வருடத்துக்கும் மேலாக மூடித் திறந்ததில் அது தேய்ந்திருக்கும்.

(தம்பி திருகாணிகளைக் கழற்றி, திரையைச் சுற்றியுள்ள சட்டத்தை நகத்தால் மெல்ல நெம்பி எடுக்கிறான். கீலுக்கு அருகே, தலைமயிர் பருமனுள்ள கம்பிகள் ஒன்றாகக் கட்டப்பட்டுப் போகின்றன. சுற்றியிருந்த கறுப்பு நாடா ஓரிடத்தில் உரிந்து, இரண்டு கம்பிகளில் செம்பு மினுங்குகிறது.)

கிளாக்கரையா: இவ்வளவு சிறியதா குற்றவாளி?

கடைத்தம்பி: இதை மட்டும் மாற்றினால் போதும். முழுத் திரையின் விலையோடு பார்த்தால் இது சொற்பம். புதிய கேபிள் கொழும்பிலிருந்து வர இரண்டு மூன்று நாள் ஆகும். இனித் தாமதத்தின் விசாரணை. உங்கள் வீட்டில் இதை எங்கே வைத்து வேலை செய்வீர்கள்?

கிளாக்கரையா: கட்டிலில். கீழே மடித்த கம்பளி, மேலே விரித்த கம்பளி, நடுவில் இது. விசைகளுக்கு மட்டும் இடம் விட்டிருப்பேன்.

கடைத்தம்பி: (அடிமூடியைத் திறந்து, குறடால் எதையோ இழுக்கிறான். சாம்பல் நிற மயிர்த்திரள் ஒன்று நீளமாக வருகிறது.) உங்கள் கம்பளியில் பாதி இங்கே இருக்கிறது, ஐயா. காற்றாடி கீழிருந்து காற்றை இழுத்துப் பக்கவாட்டில் சூட்டை வெளியேற்ற வேண்டும். நீங்கள் இரண்டு வாசலையும் அடைத்துவிட்டீர்கள். உள்ளே சூடு அளவுக்கு மீறினால், எரிந்துபோகாமல் தப்பிப்பதற்காக இதன் மூளை தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

கிளாக்கரையா: கம்பளி கிடைத்ததால் சோம்பல் வந்திருக்கிறது. இந்த நோயை நான் என் சேவைக்காலம் முழுவதும் கண்டிருக்கிறேன்.

கடைத்தம்பி: சோம்பல் இல்லை ஐயா, மூச்சுத்திணறல். சரி, இப்போது விண்டோஸ் எழும்பிவிட்டது. பணி மேலாளரைத் திறக்கிறேன். நீங்கள் ஒரு கோப்பையும் திறக்கவில்லை. ஆனால் ஹார்ட் டிஸ்க் நூறு வீதம் வேலையில் இருப்பதாகக் காட்டுகிறது. நினைவகம் 4 ஜிபி. அதில் முக்கால்வாசி இப்போதே நிறைந்துவிட்டது. இயந்திரம் எழும்பும்போதே கூடவே எழும்பும் நிரல்களின் பட்டியல் இதோ, பதினாறு பேர்.

கிளாக்கரையா: வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டுக்குப் பதினாறு பேரா! அவர்களுக்கு என்ன வேலை?

கடைத்தம்பி: இவர், உங்களிடம் இப்போது இல்லாத பிரிண்டரில் மை குறைந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். இவர் இணையத்தில் நீங்கள் இறக்கிய அந்தத் திரை வைத்தியர். இவர்கள் இருவரும் வைரஸ் காவலர்கள். ஒருவர் மேல் ஒருவருக்கு நம்பிக்கையில்லாததால் ஒவ்வொரு கோப்பையும் இரண்டு முறை சோதனை போடுகிறார்கள். காவலுக்கு ஒருவர் போதும்.

கிளாக்கரையா: அநியாயமாக இருக்கிறதே. ஒரு கொழுந்தும் கிள்ளாமல் சம்பளப் பதிவேடான செக்ரோலில் பேர் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்!

கடைத்தம்பி: முழுப் பேர், ஐயா, முழு நாள் சம்பளம். என் அம்மாயிக்கு நீங்கள் போட்டது போல அரைப் பேர் இல்லை.

கிளாக்கரையா: (கண்ணாடியைக் கழற்றி) உன் அம்மாயியா?

கடைத்தம்பி: ஆறாம் நம்பர் மலை. இன்றைக்குப் போல மழை. ஈரத்துக்கென்று இரண்டு கிலோ கழித்ததில் நிறுவை குறைந்து, அரைப் பேர் விழுந்தது. ஒவ்வொரு தீபாவளிக்கும் எங்கள் வீட்டில் பலகாரத்தோடு இந்தக் கதையும் வரும்.

கிளாக்கரையா: நிறுவையை எழுதியது கணக்கப்பிள்ளை. நான் கூட்டி எழுதினேன், அவ்வளவுதான்.

கடைத்தம்பி: இந்தப் பதினாறு பேரும் அதைத்தான் சொல்கிறார்கள்: தாங்கள் ஓடுவது உண்மை, ஓடச் சொன்னது வேறு யாரோ. பதினான்கு பேரை நிறுத்துகிறேன். ஆட்சேபனை உண்டா?

கிளாக்கரையா: இல்லை. ஈரக் கழிவுக்கும் சேர்த்து நிறுத்து.

கடைத்தம்பி: ஆனால் பெரிய தாமதம் டிஸ்க்கில்தான் இருக்கிறது. இதற்குள் ஒரு தட்டு நிமிடத்துக்கு 5400 முறை சுற்றுகிறது.

கிளாக்கரையா: 5400 முறை சுற்றியுமா தாமதம்? நான் தோட்டத்தை ஒருமுறை சுற்றினாலே அந்த நாள் முடிந்துவிடும்.

கடைத்தம்பி: தட்டு சுற்றினாலும் வாசிக்கும் முனை உரிய இடத்துக்குப் போய்ச் சேர வேண்டுமே. பலர் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் அது அங்குமிங்கும் அலைவதிலேயே நேரம் போய்விடுகிறது. எஸ்எஸ்டி என்ற புதுவகை டிஸ்க்கில் சுற்றும் தட்டும் இல்லை, அலையும் முனையும் இல்லை. பழைய லெப்டொப்பில் இந்த ஒரு மாற்றம் செய்தாலே, நீங்கள் தண்ணீர் கொதிக்க வைப்பதற்கு முன்பே எழும்பி நிற்கும். கூடவே நினைவகத்தை 8 ஜிபி ஆக்கிவிடலாம். அதற்கு முன்னால் அவசரமான ஒன்று இருக்கிறது. பழுதான பகுதிகளை எத்தனை முறை ஒதுக்கி வைத்தது என்று இந்த டிஸ்க் தனக்குள்ளேயே ஒரு கணக்கு எழுதி வருகிறது. அந்தக் கணக்கு நன்றாக இல்லை.

கிளாக்கரையா: தன் குறையைத் தானே பதிந்து வைத்திருக்கிறதா? இப்படிப்பட்ட உத்தியோகத்தரை நான் கண்டதேயில்லை.

கடைத்தம்பி: எந்த நாளும் நின்றுவிடலாம் என்பது அதன் பொருள். இதில் என்ன வைத்திருக்கிறீர்கள்?

கிளாக்கரையா: (குரல் தாழ்ந்து) தோட்டத்துச் சனங்களுக்கு நான் எழுதிக்கொடுத்த கடிதங்கள். சேமலாப நிதி வராதவர்கள், பிறப்புச் சான்றிதழில் பெயர் பிழைத்தவர்கள், 7 பேர்ச் காணித்துண்டுக்கு உறுதிப் பத்திரம் கேட்டு அலைகிறவர்கள். எல்லாம் பாமினி எழுத்துருவில் நானே தட்டியவை.

கடைத்தம்பி: பிரதி இருக்கிறதா?

கிளாக்கரையா: என்னிடமா பிரதி பற்றிக் கேட்கிறாய்? நான் எதையும் மூன்று பிரதி இல்லாமல் வைத்தவனில்லை.

கடைத்தம்பி: மிகவும் நல்லது. எங்கே வைத்திருக்கிறீர்கள்?

கிளாக்கரையா: இதற்குள்ளேதான். மூன்று வெவ்வேறு கோப்புறைகளில்.

(கூரைத் தகரத்தின் சத்தம் தெளிவாகக் கேட்கிறது.)

கடைத்தம்பி: ஐயா, அலுமாரி எரிந்தால் மூன்று தட்டும் சேர்ந்துதான் எரியும். இன்றைக்கு வேறெதையும் தொடப்போவதில்லை. முதலில் எல்லாவற்றையும் வெளி டிஸ்க் ஒன்றில் பிரதியெடுக்கிறேன். அதை வீட்டில் வேறோர் அறையில் வையுங்கள்; இன்னொரு பிரதியை மகனிடம் அனுப்புங்கள்.

கிளாக்கரையா: செய். இன்னொரு விடயம். 2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10 இற்கு ஆதரவு முடிந்தது என்று அறிவித்தல் வந்தது. பதினொன்றுக்குப் பதவி உயர்த்த முடியாதா?

கடைத்தம்பி: முடியாது. இதன் ப்ரொசெசர் இன்டெலின் நான்காம் தலைமுறை. விண்டோஸ் 11 பட்டியல் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையில்தான் தொடங்குகிறது. கடிதம் தட்ட, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளம் போதும். அதில் பாமினியையும் போட்டுத் தரலாம். வங்கி வேலையை மட்டும் பாதுகாப்புத் திருத்தம் நின்றுபோன இயந்திரத்தில் செய்யாதீர்கள்.

கிளாக்கரையா: சரி. இயந்திரத்தை ஒப்படைக்கிறேன், பற்றுச்சீட்டு எழுது.

கடைத்தம்பி: (எழுதுகிறான்) பழைய லெப்டொப், ஒன்று.

கிளாக்கரையா: அது போதாது. தொடர் இலக்கத்தை எழுது. சார்ஜர் ஒன்று, கம்பளி ஒன்று. “திரை நல்ல நிலையிலும் கேபிள் தேய்ந்த நிலையிலும் பொறுப்பேற்கப்பட்டது” என்று எழுது. திகதி, நேரம். முடிந்த இடத்துக்குக் கீழே யாரும் எதையும் சேர்க்காதபடி குறுக்கே ஒரு கோடு போடு.

கடைத்தம்பி: ஐயா, நான் எழுதுவது பற்றுச்சீட்டா, காணி உறுதியா?

கிளாக்கரையா: காணி உறுதி நம் சனங்களில் பலருக்கு இன்னும் கிடைக்காதபடியால், பற்றுச்சீட்டையாவது ஒழுங்காக எழுதிப் பழகுவோம். கோட்டை நேராகப் போடு.