அந்தக் குழந்தை சரியாகத்தான் டிக் போட்டிருக்கிறது

இரண்டு நாளாக எங்கே திறந்தாலும் அந்த விடைத்தாள்தான். பார்க்காதவர்கள் இருக்க மாட்டீர்கள். இரண்டாம் வகுப்புக் கணக்கு. மேல் வரிசையில் நான்கு மாம்பழம், கீழ் வரிசையில் ஆறு எலுமிச்சம்பழம். 'எது அதிகம்?' என்று கேள்வி. குழந்தை மாம்பழத்துக்கு டிக் போட்டிருக்கிறது. சிவப்பு மையில் தப்பு போட்டிருக்கிறார்கள். அதன் கீழே சிரிப்பு ஸ்மைலியாகக் கொட்டிக் கிடக்கிறது. "கவர்மென்ட் ஸ்கூலா?" என்கிறார் ஒருவர். "நாலுக்கும் ஆறுக்கும் வித்தியாசம் தெரியலையே" என்கிறார் இன்னொருவர்.

சிரித்தவர்களில் எத்தனை பேர் கேள்வியில் இருந்த படத்தைப் பார்த்தீர்கள்? நான்கு மாம்பழமும் தாளின் அகலம் முழுக்கப் பரந்து கிடக்கிறது. ஆறு எலுமிச்சையும் நெல்லிக்காய் அளவில் இடது ஓரத்தில் நெருக்கிக்கொண்டு நிற்கிறது. கேட்டது எண்ணிக்கையை, வரைந்து காட்டியது பருமனை. ஏழு வயதுக் குழந்தை கண்ணுக்குத் தெரிந்ததைச் சொல்லியிருக்கிறது. தப்பு கேள்வித்தாளில். குழந்தையிடம் இல்லை.

எண்ணிக்கையைப் படங்களின் வரிசையாகக் காட்டுவதுதான் பட விளக்கப்படம். பக்கத்தை அழகாக்க வரைகிற பொம்மை இல்லை அது. படம் எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டும். எல்லா வரிசையும் ஒரே கோட்டில் தொடங்க வேண்டும். ஒன்றுக்கு நேராக ஒன்று நிற்க வேண்டும். அப்போதுதான் எந்த வரிசை நீளமோ அது அதிகம் என்று கண்ணை நம்பிச் சொல்ல முடியும். இதில் ஒன்று பிசகினாலும் அது பட விளக்கப்படமே இல்லை.

இது நானாகச் சொல்வதில்லை. குழந்தைகள் எப்படிச் சிந்திக்கிறார்கள் என்று ஆராய்ந்த உளவியலாளர் பியாஜே, சிறு குழந்தைகள் முன்னால் இரண்டு வரிசையில் ஒரே எண்ணிக்கையில் வில்லைகளை அடுக்கி, பிறகு ஒரு வரிசையை மட்டும் அகட்டி வைத்துக் கேட்டார். நீளமான வரிசையில்தான் அதிகம் என்றார்கள் ஐந்து வயதுக் குழந்தைகள். வரிசையின் நீளத்தை வைத்து எண்ணிக்கையை முடிவு செய்வது அந்த வயதின் இயல்பு. ஏழு வயதில்கூட அதிலிருந்து எல்லாக் குழந்தைகளும் முழுசாக வெளியே வந்திருக்க மாட்டார்கள். வியன்னாவில் 1925-இல் அருங்காட்சியகம் தொடங்கிய ஓட்டோ நியூராத், புள்ளிவிவரத்தைச் சாதாரண மக்களுக்குப் படமாகக் காட்ட ஒரு விதியே வைத்தார். தொகை கூடினால் படத்தைப் பெரிதாக்காதே, படங்களின் எண்ணிக்கையைக் கூட்டு. வளர்ந்தவர்களுக்கே அந்தக் கவனம் தேவைப்பட்டிருக்கிறது. நம் குழந்தைக்கு மட்டும் எப்படி வேண்டுமானாலும் வரைந்து கொடுத்துவிட்டு, விழுந்தால் சிரிப்போம், அப்படித்தானே?

என் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். காலை உணவில் யாருக்கு எது பிடிக்கும் என்று கேட்டு, ஆளுக்கொரு காலித் தீப்பெட்டி கொடுத்தேன். தீப்பெட்டி என்றால் எல்லாம் ஒரே அளவு. தரையில் சாக்பீஸால் ஒரு கோடு. கோட்டிலிருந்து இடைவெளி விடாமல் பொங்கலுக்கு ஒரு வரிசை, கிச்சடிக்கு ஒன்று, உப்புமாவுக்கு ஒன்று. பொங்கல் எட்டு, உப்புமா ஐந்து. எது அதிகம் என்றதும் வகுப்பே "பொங்கல்!" என்று கத்தியது. "உப்புமாவைவிட எத்தனை அதிகம்?" என்றேன். சட்டென்று அமைதி. ஒரு பையன் மட்டும் "எட்டு டீச்சர்" என்றான்.

இந்த இடம்தான் முக்கியம். 'எது அதிகம்' என்பது கண்ணுக்கான கேள்வி. 'எத்தனை அதிகம்' என்பது வேறு கேள்வி. கழித்தல் என்றால் இருப்பதிலிருந்து எடுப்பது என்று மட்டுமே தெரிந்த குழந்தைக்கு, இங்கே யாரும் எதையும் எடுக்கவில்லையே, எதைக் கழிப்பது? நான் கரும்பலகைப் பக்கமே போகவில்லை. ஒவ்வொரு உப்புமாப் பெட்டியையும் ஒரு பொங்கல் பெட்டியோடு ஜோடி சேர்த்து நகர்த்தச் சொன்னேன். நகர்த்திக்கொண்டே வந்தவன், "இந்த மூணுக்கும் ஜோடி இல்ல டீச்சர்" என்றான். சொல்லி முடித்ததும் அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

"எண்ணிப் பார்த்துப் போட்டிருக்கலாமே" என்பீர்கள். சரி, எண்ணத்தான் வேண்டும். ஆனால் எண்ணித்தான் தீர வேண்டும் என்றால் படம் எதற்கு?

"நாங்களெல்லாம் வாய்ப்பாட்டை மனப்பாடம் பண்ணி வந்தவங்க, தீப்பெட்டி அடுக்கியா படிச்சோம்?" என்று ஒருவர் என்னிடமே கேட்டார். நீங்கள் வந்துவிட்டீர்கள் ஐயா. உங்களோடு முதல் பெஞ்சிலிருந்து கடைசி பெஞ்ச் வரை உட்கார்ந்திருந்தார்களே, கணக்கென்றால் வயிற்றைக் கலக்குகிறது என்று பாதியில் பள்ளியை விட்டுப் போனவர்கள், அவர்களையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்.

அந்தத் தாளில் பள்ளியின் பெயர் எங்கேயும் இல்லை. இருந்தாலும் அரசுப் பள்ளி என்று நீங்களாகவே முடிவு கட்டிவிட்டீர்கள். வலிக்கிறது. சின்ன வகுப்புக் குழந்தைகளுக்கு வாசிப்பும் கணக்கும் அடிப்படையிலிருந்து சொல்லிக்கொடுக்கிற தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-இல் வந்ததிலிருந்து அரும்பு, மொட்டு, மலர் என்று குழந்தைகளை நிலைவாரியாகப் பிரித்து, ஒரே அறையில் மூன்று விதமாகப் பாடம் நடத்துகிறோம். செய்ததையெல்லாம் செல்போனில் வேறு பதிவேற்ற வேண்டும், சிக்னல் கிடைக்காமல் மாடிப்படியில் நின்றுகொண்டு. இவ்வளவுக்கும் நடுவில் தீப்பெட்டி பொறுக்கிச் சேர்க்கிற ஆசிரியர்கள் என்னைப் போல ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்கள் வகுப்பை யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை. ஒரு குழந்தை தடுமாறினால் மட்டும் ஊரே பகிர்கிறது.

இன்னொன்று. அந்தத் தாளின் மூலையில் குழந்தையின் பெயரும் இனிஷியலும் அப்படியே தெரிகிறது. அதை மறைக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. கோணல்மாணலாக, அழித்து அழித்து எழுதிய பெயர். அந்த வகுப்பிலேயே வேறு வீட்டுப் பெற்றோரும் போன் வைத்திருக்கிறார்கள். பகிர்ந்தவர்களில் நான்கைந்து பேர் என் நட்புப் பட்டியலிலேயே இருக்கிறீர்கள். இன்று ராத்திரிக்குள் எடுத்துவிடுங்கள்.