எட்டாத உயரத்தில் ஏன்யா சுடுகிறீர்கள்?

விரல் இன்னும் விறைப்பு விடவில்லை. இருந்தாலும் இதை இப்போதே எழுதிவிட வேண்டும், இல்லையென்றால் ராத்திரி தூக்கம் வராது.

வாத்து வேட்டை சீசன் முடியப் போகிறது. அமெரிக்காவில் தெற்கு மினசோட்டா, டிசம்பர் கடைசி, விடியற்காலை மைனஸ் 23. இந்தக் குளிரில் கனடா வாத்து விடிந்ததும் பறக்காது. உறையாத தண்ணீர் எங்கே மிச்சம் இருக்கிறதோ அங்கேயே ஒண்டிக் கிடக்கும். வெயில் ஏறி, பத்து பதினோரு மணிக்கு மேல், அறுத்த மக்காச்சோள வயலைத் தேடி ஒரு தடவை கிளம்பி வரும். அந்த ஒரு தடவை போனால் அன்றைய பொழுதே போச்சு.

அந்த ஒரு தடவையைத்தான் பக்கத்து வயலில் வந்து நின்ற ஆள் நாசம் பண்ணினான்.

இரண்டு நாள் சாயங்காலம் காரிலேயே உட்கார்ந்து, கூட்டம் எந்த வயலில் இறங்குகிறது என்று பார்த்து வைத்திருந்தேன். வயல்காரப் பெரியவரிடம் நேரில் போய்க் கேட்டு அனுமதி வாங்கினேன். காலை நாலரைக்கு, முழங்கால் பனியில், கூட்டத்தை ஏமாற்றி இறக்குவதற்கான 36 பொம்மை வாத்துகளைச் சறுக்குவண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு போனேன். குளிரில் வாத்து காலை வயிற்றுக்கடியில் மடக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருக்கும். அதனால் நிற்கிற பொம்மைகளைக் குறைத்து, படுத்திருக்கிறவற்றை நெருக்கி நெருக்கி வைத்தேன். அப்புறம் உறைபனி. பொம்மை முதுகில் அது பூத்துவிட்டால் வெயில் பட்டதும் கண்ணாடி மாதிரி மினுங்கும். மினுக்கத்தைப் பார்த்த வாத்து அந்தப் பக்கமே திரும்பாது. ஒவ்வொன்றாக, 36 முதுகையும், பெயிண்ட் பிரஷ் வைத்துத் தேய்த்தேன். எட்டு மணிக்கு மறுபடியும் பூத்திருந்தது. மறுபடியும் தேய்த்தேன்.

காற்று வடமேற்கிலிருந்து வீசியது. வாத்து எதிர்காற்றில்தான் இறங்கும். ஆகவே தென்கிழக்கிலிருந்து, அந்த அடுத்த வயலைத் தாண்டித்தான் என்னிடம் வந்தாக வேண்டும். ஒன்பது மணிக்கு அங்கே ஒரு பிக்கப் வண்டி வந்து நின்றது. பொம்மை கிடையாது, மறைப்பு கிடையாது. ஆள் இறங்கி வேலியோரம் போய் உட்கார்ந்தான். சரி, அவனும் அனுமதி வாங்கித்தான் வந்திருப்பான், அவன் வயல் அவனுக்கு, இருக்கட்டும் என்று விட்டேன்.

பத்து இருபதுக்குச் சத்தம் கேட்டது. வாத்து கண்ணில் படுவதற்கு முன்னால் கேட்கிற அந்தச் சத்தத்துக்காகத்தான் நான் இந்தக் குளிரில் போய்ப் படுப்பதே. நாற்பது ஐம்பது இருக்கும். வாத்து சிறகடிக்கிற மாதிரி தெரியக் கறுப்புக் கொடியை இரண்டு தடவை ஆட்டினேன், வாத்துக் குரல் ஊதலை மெதுவாக ஊதினேன். முன்னால் வந்தது பதில் குரல் கொடுத்தது. சிறகடிப்பு நின்றது. சிறகைக் குவித்துக்கொண்டு, கால் கீழே தொங்க, ஆடி ஆடிச் சரிய ஆரம்பித்தன. இன்னும் அரை நிமிஷம் போதும். அரை நிமிஷம்தான்!

டமார், டமார், டமார்.

அந்த வயலோரம் ஒரு மின்கம்பம் இருக்கிறது, சுமார் 40 அடி. அதை ஐந்து தடவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் எட்டாத உயரத்தில் போய்க்கொண்டிருந்தன வாத்துகள். அதைப் பார்த்துச் சுடுகிறான்! இதற்கு இங்கே ‘ஸ்கை பஸ்டிங்’ என்று பேரே இருக்கிறது. பேர் வைக்கிற அளவுக்கு இதையே செய்கிறார்கள்.

இவை பெரிய பறவைகள். சிறகை விரித்தால் ஐந்தடிக்கு மேல் வரும். அதனால் தூரத்தில் இருந்தாலும் தலைக்கு மேலேயே வந்துவிட்ட மாதிரி தெரியும். அந்த மயக்கத்தில் சுடாமல் பழகுவதுதான் முதல் பாடம். நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவை கூடாது என்று 1991லிருந்து நாடு முழுக்கச் சட்டம். தரையில் சிதறிய ஈயத்தைப் பறவைகள் விழுங்கி விஷமேறிச் சாகின்றன என்பதால் வந்த சட்டம், நல்ல சட்டம். பெரும்பாலும் எஃகு ரவைதான் போடுகிறோம். எஃகு ஈயத்தைவிட லேசு, வேகம் சீக்கிரம் குறைந்துவிடும். 40 கெஜத்துக்குள் சரியாகச் சுட்டால் பறவை பெரும்பாலும் உடனே சாகும். 70 கெஜத்தில் பெரும்பாலும் காயம்தான் படும். தோட்டா வாங்கத் தெரிந்தவனுக்கு இதுவும் தெரிந்திருக்க வேண்டாமா?

ஒன்றுக்குக் காயம் பட்டது. ஒரு கால் மட்டும் தனியாகத் தொங்கியது. கூட்டம் மொத்தமும் அலறிக்கொண்டு மேலேறித் திரும்ப, அது மட்டும் தாழ்ந்து தாழ்ந்து, சாலையைத் தாண்டி, ஓடைப் பக்கம் மரங்களுக்குப் பின்னால் மறைந்தது. சுட்டவன் எழுந்து போய்த் தேடியிருக்க வேண்டும். அடிபட்ட பறவையை எடுக்க முயற்சி செய்தே ஆக வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அவன் வண்டியில் ஏறி ஹீட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். போய்க் கண்ணாடியைத் தட்டினேன். “பட்ட மாதிரி தெரியலையே” என்றான். என் கண்ணைப் பார்த்துச் சொன்னான்.

ஓடைப் பக்கத்து நிலத்துக்காரருக்கு போன் பண்ணிக் கேட்டுக்கொண்டு நானே போனேன். ஒன்றரை மணி நேரம். பனியில் விழுந்த இடம் தெரிந்தது. இரண்டு பக்கமும் சிறகு அடித்த தடம், விசிறியை அழுத்தி எடுத்த மாதிரி, ஒவ்வொரு இறகும் தனித்தனியாகப் பதிந்திருந்தது. நடுவில் நாலு சொட்டு ரத்தம், உறைந்து பொத்தான் மாதிரி. அங்கிருந்து புதருக்குள் இழுத்துக்கொண்டு போன தடம். அப்புறம் பனிக்கட்டி, ஒன்றும் தெரியவில்லை. ராத்திரி கயோட்டி நரிகள் கண்டுபிடித்துவிடும். மேலே ஒற்றை வாத்து சுற்றிச் சுற்றி வந்து கத்திக்கொண்டே இருந்தது. இவை ஜோடி சேர்ந்தால் ஆயுசுக்கும் சேர்ந்திருக்கிற ஜாதி. அந்தக் குரல் இன்னும் காதைவிட்டுப் போகவில்லை.

கொல்லத்தானே போனாய், உனக்கென்ன இரக்கம் என்று யாராவது கேட்பீர்கள். ஆமாம், கொல்லத்தான் போனேன். கொன்று, எடுத்து வந்து, இறகு பறித்து, குடும்பத்தோடு சாப்பிடப் போனேன். பாதி கொன்றுவிட்டு ஹீட்டரில் உட்காருவதற்கு வேட்டை என்று பேரில்லை.

இந்தப் பெரிய ரகம் அழிந்தேவிட்டது என்று ஒரு காலத்தில் எழுதி வைத்திருந்தார்கள். 1962 ஜனவரியில் இதே தெற்கு மினசோட்டாவில், ராச்செஸ்டரின் சில்வர் ஏரியில்தான், ஹெரால்ட் ஹான்சன் என்ற ஆய்வாளர் அவற்றை அடையாளம் கண்டார். எடையைப் பார்த்துத் தராசையே சந்தேகப்பட்டார்கள். போய்விட்டது என்று நினைத்துத் திரும்பக் கிடைத்த பறவையை மூன்று தோட்டாவுக்கு வானத்தில் வீசிப் பார்க்கிறான் ஒருவன்!

பொம்மைகளைப் பொறுக்கிக் கட்டிக்கொண்டு வீடு வந்தால், வாசலில் பனிச்சுவர். முந்தாநாள் பெய்ததற்கு இன்றைக்குத்தான் பனி தள்ளும் வண்டி வந்திருக்கிறது. தெருப் பனி மொத்தத்தையும் வழித்து, நான் நேற்று முதுகு ஒடியச் சுத்தம் பண்ணிய வாசலில் முழங்கால் உயரத்துக்குக் கொட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். கல்லாக இறுகிவிட்டது. மண்வாரி கராஜுக்குள் இருக்கிறது, கராஜோ அந்தப் பனிச்சுவருக்கு அந்தப் பக்கம். காரைத் தெருவில் விட்டால் ராத்திரி அபராதச் சீட்டு. ஏன்யா, அந்த இரும்புப் பலகையை ஒரு வாசல் கடக்கிற நேரம் தூக்கிப் பிடித்தால் என்ன?