சங்கு ஊதாத மில்லும் இடம் தேடும் பட்டறையும்

போன மாசம் ஆவாரம்பாளையத்துல அப்பாவோட பட்டறையைக் காலி பண்ணினோம். 31 வருஷமா வாடகைக்கு இருந்த இடம். இடத்துக்காரர் மேல குறை சொல்ல ஒண்ணுமில்லை. அடுக்குமாடி கட்டறவங்க சொன்ன விலைக்கு முன்னாடி எங்க வாடகை எம்மாத்திரம்? பெரிய லேத்தை (இரும்பைக் கடையற மெஷின்) கிரேன் வெச்சு லாரியில ஏத்திட்டிருந்தப்போ, எதிர்த்த பட்டறை அண்ணன் கையைத் துடைச்சுக்கிட்டே வந்து அப்பாகிட்ட கேட்டார்: "ஏனுங்க மாமா, இனி கீவே போட நான் எங்க போறதுங்க?" (கீவேன்னா சுழல்ற தண்டுல வெட்டற காடி.)

அப்பாகிட்ட பதில் இல்லை. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமும் இல்லை.

கோயமுத்தூர்ப் பட்டறைத் தெரு எப்படி ஓடுதுன்னு வெளியில இருக்கறவங்களுக்குத் தெரியாது, அதனால சொல்றேன். கணபதி பக்கம் ஒரு ஃபவுண்டரியில வார்ப்பு வாங்கி, டிவிஎஸ் எக்ஸ்எல்-ல வெச்சுக் கட்டி எங்க பட்டறைக்குக் கொண்டு வருவாங்க. நாங்க லேத்துல டர்னிங் முடிச்சுக் குடுப்போம். ரெண்டு தெரு தள்ளி ஒருத்தர் டிரில் போடுவார். ஷாஃப்டுக்கு கிரைண்டிங் இன்னொருத்தர். மோட்டாருக்குக் கம்பி சுத்தி வைண்டிங் பண்ண, பக்கத்துச் சந்துல நாலு அக்காக்கள். யாருகிட்டயும் எல்லா மெஷினும் கிடையாது, எல்லாரும் சேர்ந்தாத்தான் ஒரு பம்பு. காலையில விவசாயி ஒருத்தர் எரிஞ்சு போன மோட்டாரோட பஸ்ல வந்து இறங்கினா, பெரும்பாலும் சாயங்காலமே சரி பண்ணி எடுத்துட்டுப் போயிடுவார். அந்தத் தெருவுக்குள்ள நடந்து போற தூரம்தான் எங்க முதலீடு. ஒரே ஒரு பழைய லேத்து வெச்சிருக்கறவனும் அதனாலதான் முதலாளியாக முடிஞ்சது. கூலிக்கு ஒன்பது வருஷம் வேலை பார்த்த எங்கப்பாவும் அப்படித்தான் ஆனார்.

இந்தத் தெரு மில்லுல இருந்து பிறந்தது. 1888-ல ஸ்டேன்ஸ் மில், 1910-ல லட்சுமி மில், 1930கள்ல நீலகிரியில இருந்து பைக்காரா நீர்மின்சாரம் வந்ததும் வரிசையா இன்னும் பல மில்லு. மெஷினுக்கு உதிரி பாகம் வேணும், ரிப்பேர் பார்க்க ஆள் வேணும். அதுக்குன்னு வந்த ஃபவுண்டரியும் பட்டறையும்தான் அப்புறம் பம்பு, மோட்டார், வெட் கிரைண்டர்னு கிளை விட்டுச்சு. ஊத்துக்குளிக் கல்லு, ஆவாரம்பாளையத்து மோட்டாரு, நம்ம வீட்டு இட்லி மாவு. கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு இருக்குன்னு பெருமையாச் சொல்றோம். ஆனா அந்தக் குறியீட்டுக்குப் பின்னால இருக்கற பட்டறைகள் ஊருக்குள்ள இருக்க இடம் இருக்கான்னு யாரும் கேக்கறதில்லை.

இப்ப மில்லுக்கு வர்றேன். மத்திய அரசோட தேசிய பஞ்சாலைக் கழகத்தோட (என்.டி.சி.) மில்லுகள் 2020 மார்ச் ஊரடங்குல நின்னுச்சு. அதுக்கப்புறம் பழையபடி ஓடவே இல்லை. நம்ம ஊர்ல மட்டும் அஞ்சு: ஸ்டேன்ஸ் மில்னு நாம சொல்ற சி.எஸ். அண்ட் டபிள்யூ, பங்கஜா, முருகன், கம்போடியா, ரங்கவிலாஸ். ரங்கவிலாஸ் மில் தொழிலாளிங்க நாலு பேரைத்தான் 1946 ஜனவரி 8-ஆம் தேதி கோவை ஜெயில்ல தூக்குல போட்டாங்க. சின்னியம்பாளையம் தியாகிகள்னு பேர் மட்டும் தெரிஞ்சவங்க நிறையப் பேர், எந்த மில்லுன்னு தெரிஞ்சவங்க ரொம்பக் கம்மி.

இந்த மில்லு நிலத்தையெல்லாம் என்ன பண்றதுன்னு பேச்சு வந்தாலே ரெண்டு குரல்தான் கேக்குது. ஒண்ணு, இடிச்சு வித்துடு. இன்னொண்ணு, புராதனக் கட்டடம், காப்பாத்து. நான் ரெண்டாவது பக்கம்தான். ஆனா அதுக்குள்ளயே எனக்கு ஒரு சண்டை இருக்கு. அவினாசி ரோட்டுல லட்சுமி மில்லோட பழைய கட்டடத்தை இடிக்காம, சீர்படுத்திக் கடையும் உணவகமுமா மாத்தியிருக்காங்க. போய்ப் பார்த்தேன். செங்கல்லை அவ்வளவு அக்கறையா வெச்சிருக்கறது மனசுக்கு நிறைவாத்தான் இருந்துச்சு. பெரம்பூர்ல பின்னி மில் நின்ன இடத்துல இன்னிக்கு அடுக்குமாடி. 1918-ல சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததே அந்த ஆலைத் தொழிலாளிகளை வெச்சுத்தான். அதைப் பார்த்தவனுக்கு லட்சுமி மில் சுவர் நிக்கறது பெரிய விஷயம். அது தனியார் இடம், அவங்க செஞ்சது நல்ல காரியம்.

ஆனா என்.டி.சி. மில்லு பொதுச் சொத்து. அங்க சுவர் நின்னா மட்டும் எனக்குப் போதாது. வேலையும் நடக்கணும்.

ஒரு நூற்பு ஷெட்டை நினைச்சுப் பாருங்க. ரம்பப் பல்லு மாதிரி கூரை, வடக்குப் பக்கம் கண்ணாடி. வெயில் நேரா விழாது, ஆனா நாள் பூரா வெளிச்சம். கனமான மெஷின் வரிசையாத் தாங்கின தரை. லாரி உள்ள வந்து திரும்பற இடம். இதைவிட ஒரு லேத்துப் பட்டறைக்கு என்னங்க வேணும்? ஐந்நூறு, ஆயிரம் சதுர அடியாத் தடுத்து, சின்னப் பட்டறைகளுக்கு நீண்ட காலக் குத்தகைக்குக் குடுங்க. ஒரு அடி கூட விக்காதீங்க. வித்தா பத்து வருஷத்துல அது ஷோரூம் ஆயிடும்.

நியூயார்க்ல புரூக்ளின் நேவி யார்டுன்னு ஒரு பழைய கப்பல் கட்டும் தளம் இருக்கு. 1966-ல கடற்படை மூடிட்டுப் போனதும் நகர நிர்வாகம் வாங்கிச்சு. 300 ஏக்கர். இன்னிக்கும் நிலம் நகரத்தோடதுதான், குத்தகைக்கு மட்டும்தான் விடறாங்க. உள்ள 500-க்கு மேல தொழில்கள் நடக்குது. அவ்வளவு விலை போற ஊர்லயே இது முடியுது.

"பட்டறையெல்லாம் ஊருக்கு வெளிய போகட்டும்"னு சொல்றவங்க என் நண்பர்கள்லயே இருக்காங்க. பாதி ஒத்துக்கறேன். ஃபவுண்டரியும் முலாம் பூசற பிளேட்டிங்கும் குடியிருப்புக்கு நடுவுல வேண்டாம். புகையும் அமிலத் தண்ணியும் குழந்தைங்க இருக்கற தெருவுக்கு ஆகாது. அதுக்குச் சுத்திகரிப்பு வசதியோட தனி இடம் வேணும். ஆனா டர்னிங், வைண்டிங், வார்ப்புக்கு மாதிரி செய்யற பேட்டர்ன், அசெம்பிளி? இதுக்கு எதுக்கு 15 கிலோமீட்டர்?

நாங்க இப்ப நீலாம்பூர் தாண்டிப் போயிருக்கோம். முன்னாடி அரை மணி நேரத்துல முடிஞ்ச வேலைக்கு இப்ப ஒரு நாள் போகுது. வைண்டிங் அக்காக்கள்ல ரெண்டு பேர், ரெண்டு பஸ் மாறி வர முடியாதுன்னு நின்னுட்டாங்க. அதுல ஒருத்தர் இருபது வருஷம் காயில் சுத்தின கை. 2022 செப்டம்பர்ல கரண்ட் கட்டணத்தோட நிலைக்கட்டணமும் ஏறிடுச்சு, மெஷின் ஓடினாலும் ஓடாட்டியும் அதைக் கட்டியாகணும். ஆர்டர் குறைஞ்ச மாசம் அதுவே கழுத்தைப் பிடிக்குது. சென்னை கிண்டியில, மாநில அரசோட சிறுதொழில் நிறுவனமான சிட்கோ அடுக்குமாடித் தொழில் வளாகம் கட்டியிருக்கு, நல்ல முயற்சி. ஆனா ரெண்டு டன் லேத்தை மாடிக்கு ஏத்தறது எங்க தொழில்ல லேசு இல்லை. எங்களுக்குத் தரைத்தளம் வேணும். அது இந்த ஊர்ல ஏற்கெனவே கட்டி, பூட்டிக் கிடக்குது.

இதை ஒரு மனுவா எழுதி மாவட்ட நிர்வாகத்துக்கும் நம்ம எம்.பி.க்கும் குடுக்கப் போறேன். வெறும் ஆசையா இல்லாம, அளவோட எழுதணும். பங்கஜா, முருகன், ஸ்டேன்ஸ் மில்லுகள்ல வேலை பார்த்த பெரியவங்க, அவங்க பிள்ளைங்க யாராவது இதைப் படிச்சா, எந்த ஷெட்டு எத்தனை அடி நீளம், தரை சிமெண்டா கல்லா, கூரை இப்ப எப்படி இருக்கு, தெரிஞ்சதைக் கீழ எழுதுங்க. பழைய போட்டோ இருந்தா அதையும் போடுங்க.