கேழ்வரகு கூழ் குடிச்சா சுகர் ஏறாதா?

நம்ம மதுரைல வெயில் ஆரம்பிச்சதும் தெருவுக்குத் தெரு கூழ் வண்டி வந்துருதுல்ல, கூடவே வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜும் வந்துருது, "கேழ்வரகுல மாவுச்சத்தே இல்ல, சுகர் உள்ளவங்க எவ்வளவு வேணா குடிக்கலாம்"னு. எங்க பெரியப்பா இதை நம்பி காலைல ரெண்டு சொம்பு, ராத்திரிக்கு களி உருண்டைன்னு இறங்கிட்டாரு.

அது தப்புங்க. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017ல போட்ட உணவு அட்டவணைப்படி 100 கிராம் கேழ்வரகுல மாவுச்சத்து கிட்டத்தட்ட 67 கிராம், பச்சரிசில 78. அம்புட்டுதான் வித்தியாசம். ஆனா நார்ச்சத்து இதுல 11 கிராம், அரிசில 3கூட இல்ல, கால்சியம் 364 மில்லிகிராம், அரிசில வெறும் 7 சொச்சம், அதனால கேழ்வரகு நல்ல சாப்பாடுதான் அதுல சண்டையே இல்ல, ஆனா நைசா அரைச்ச மாவை குழைய வேகவச்சா சீக்கிரமே செரிச்சு சர்க்கரையா ரத்தத்துல சேந்துரும்.

கூழ்ல தண்ணியும் மோரும் பாதி, அதனால ஒரு சொம்புல மாவு கொஞ்சந்தான். களி அப்படியில்ல, உருண்டை முழுக்க மாவு. சுகர் இருக்கவங்க சோத்துக்குப் பதிலா அளவா சாப்பிடுங்க, சோத்தையும் தின்னுட்டு மேல கூழும் ஊத்தாதீங்க, மாத்திரைய நிப்பாட்டவே நிப்பாட்டாதீங்க. மோர் மிளகாய்ல உப்பு வேற ஜாஸ்தி, பிபிக்காரங்க பாத்துக்கங்க.