எந்த மருந்துக்கு அடங்காத தலைவலி?
மருந்துக்கு அடங்காத கொத்துத் தலைவலிக்கு (cluster headache, ஒரு பக்கக் கண்ணைச் சுற்றி வரும் கடும் வலி) மூளைக்குள் மின்முனை வைத்து மின்சாரத்தால் தூண்டுவதுதான் வழி என்று நான் வாசித்த கட்டுரை ஒன்று சொல்கிறது. எந்த மருந்துக்கு அடங்காத என்பதுதான் என் கேள்வி. இலங்கை மலையகத்தில் மஸ்கெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் என் அண்ணனுக்கு ஆறு வருடம் இந்த வலி. ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் வைத்ததுபோல எழும்புவார். வலது கண் மட்டும் சிவந்து தண்ணீராக ஓடும். படுக்க முடியாமல் அந்தக் குளிரிலும் லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் மேலும் கீழும் நடப்பார், நெற்றியைச் சுவரில் முட்டுவார். முதலில் சைனஸ் என்றார்கள், அப்புறம் பல் என்று இரண்டைப் பிடுங்கினார்கள். தோட்டத்து டிஸ்பென்சரியில் எப்போதும் பரசிட்டமோல்தான். இந்த வலிக்கு அது கேட்காது. கண்டியில் ஒரு நரம்பியல் டொக்டர்தான் கண்ணீர் ஒரு பக்கமா என்று முதல் தடவையாகக் கேட்டார். வலி வந்தபோது முகமூடி போட்டு, நிமிடத்துக்கு 12 லீட்டர் வீதம் சுத்தமான ஒக்சிசன் 15 நிமிடம் கொடுத்தார்கள். அண்ணன் கட்டிலில் அசையாமல் உட்கார்ந்திருந்ததை அன்றுதான் பார்த்தேன். வலி வராமல் இருக்க இப்போது வெரபமில் என்ற மாத்திரை குடிக்கிறார். மின்முனையை நான் குறை சொல்லவில்லை. மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலமஸ் என்ற பகுதியில் அதை வைத்துப் பலன் கண்டதை மிலான் மருத்துவர்கள் 2001இலேயே எழுதினார்கள். ஆனால் மூளையில் இரத்தக்கசிவு ஆபத்து அதில் உண்டு. பின்தலை நரம்பைத் தூண்டத் தோலுக்கு அடியில் மட்டும் மின்முனை வைக்கும் முறையில் அந்த ஆபத்து இல்லை. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் கொழும்புக்கு மூளையில் மின்முனை வைக்கும் கருவி வர வேண்டும் என்கிறார். சரி, வரட்டும். அதற்கு முன் எங்கள் டிஸ்பென்சரிக்கு ஓர் ஒக்சிசன் சிலிண்டர் வரட்டும்.